இருபத்தேழாம் பக்கத்து முத்திரை

தலைமைப் பயிற்சிக்குப் போகிற பெண்டாட்டியைக் கோட்டு இல்லாமல் அனுப்பிவிட்டு, அப்புறம் தையல்காரன் என்று போர்டு மாட்டிக்கொள்வதில் என்ன மானம் இருக்கிறது என்று கேட்டார் கணவர். கேட்டதோடு நிற்கவில்லை. மூன்று நாள் கடையின் பாதிக் கதவைச் சாத்திக்கொண்டு தைத்தும் முடித்தார். சாம்பல் நிறக் கோட்டு. உள்ளும் வெளியுமாகப் பதினோரு பை.

"இது என்னங்க, கோட்டா பீரோவா?"

"நீ பதினோரு வருஷமா பொறுப்புல இருக்கல்ல? வருஷத்துக்கு ஒரு பை."

அவர் சொன்னது கேலியா பாராட்டா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் கணக்கு சரிதான். பதினோரு வருஷத்துக்கு முன்பு, நிரந்தர நூலகர் வரும்வரை இரண்டு மாதம் பார்த்துக்கொள் என்று ஒரு கிளை நூலகத்தின் சாவியை அவள் கையில் கொடுத்தார்கள். உத்தரவில் 'கிளை நூலகர்' என்று எழுதி, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'பொறுப்பு' என்று போட்டிருந்தது. நிரந்தரம் வரவேயில்லை. அடைப்புக்குறியும் போகவில்லை. நாளடைவில் எல்லாரும் அவளைப் பொறுப்பக்கா என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். அதுதான் அவள் பெயர் என்று நம்பிய வாசகர்களும் உண்டு.

இரண்டே அறை கொண்ட நூலகம். ஒன்றில் ஜன்னல் உண்டு. இன்னொன்றில் முந்நூறு சிதைந்த புத்தகங்கள் மலைபோல் குவிந்து கிடந்தன. கரையான் பாதி தின்றுவிட்டு மீதியை வேண்டாம் என்று விட்டுப்போனவை. அவற்றைத் தூக்கிப் போட அவளுக்கு அதிகாரம் இல்லை. பொறுப்பில் இருப்பவர் புத்தகத்தைச் சேர்க்கலாம், நீக்கக் கூடாது. நீக்கப் படிவத்தில் அந்தக் கிளையின் நிரந்தர நூலகர்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. பதினோரு வருஷமாக அந்தக் கரையான் மிச்சத்தைத் தூசி தட்டித் தட்டியே அவளுக்குத் தும்மல் நிலையாகிவிட்டது.

இப்போது சுற்றறிக்கை வந்திருந்தது. பொறுப்பு நூலகர்கள் பன்னிரண்டு பேருக்கும் ஒரு நாள் பயிற்சி. தேறினால் நிரந்தரம். தேறாவிட்டால் சாவியைக் கொடுத்துவிட்டுத் தலைமை நூலகத்தின் நிலவறையில் பைண்டிங் பிரிவுக்குப் போக வேண்டும். அந்த ஜன்னலை வேறு யாரோ திறப்பார்கள்.

காலையில் கோட்டின் பைகளை நிரப்பினாள். மூக்குக்கண்ணாடி, கைக்குட்டை, அழி ரப்பர், பசை, தொண்டைக்கு மிட்டாய். கடைசிப் பையில் கிளையின் ரப்பர் முத்திரையும் மைப்பெட்டியும்.

"அது எதுக்கும்மா?" என்றார் கணவர்.

"விட்டுட்டுப் போனா மனசு ஒட்டாதுங்க."

"என்னைய மட்டும் விட்டுட்டுப் போற?"

"உங்களுக்குப் பை பத்தாது."

பயிற்சி தலைமை நூலகத்தின் உச்சி மாடிக் கூடத்தில் நடந்தது. கூடத்தின் முன்சுவரோரம் நீளமான மேசை. அதன்மேல் புதிதாக வந்த நூற்று நாற்பத்திரண்டு புத்தகங்கள் முத்திரையும் எண்ணும் இல்லாமல் அடுக்கிக் கிடந்தன. பன்னிரண்டு பேரும் உள்ளே வந்ததும் முதலில் பார்த்தது அந்த மேசையைத்தான். பசித்தவன் சாப்பாட்டுக் கடை வாசலைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு, மனசை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

பயிற்சியாளர் இளைஞர். சட்டையில் மைக், கையில் நீல அட்டை போட்ட தடித்த நோட்டு. நோட்டைப் பார்ப்பார், ஒரு வாக்கியம் பேசுவார். மறுபடி பார்ப்பார். நடுநடுவே ஒரு நகைச்சுவை சொல்லிவிட்டுத் தலையை நிமிர்த்திக் காத்திருப்பார். யாரும் சிரிக்கவில்லை என்றால் இருமுவார். முதல் அரைமணி நேரத்தில் ஏழு முறை இருமினார். மனசு கேட்காமல் பொறுப்பக்கா எழுந்து போய் ஒரு மிட்டாயை நீட்டினாள். அவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு நோட்டில் ஏதோ எழுதினார்.

"நண்பர்களே! நீங்க ஒரு விலங்கா இருந்தா என்ன விலங்கா இருப்பீங்க? யோசிக்காதீங்க, டக்குனு சொல்லுங்க!"

இரண்டு மணிக்கட்டிலும் வளையலுக்குப் பதில் ரப்பர் பேண்டு போட்டிருக்கும் ஒரு நூலகர் முதலில் கையைத் தூக்கினாள். எல்லாரும் அவளை ரப்பர்பேண்டு அக்கா என்பார்கள். "பூனை சார்."

"ஆஹா! சுதந்திரம், கம்பீரம்!"

"இல்ல சார், எங்க கிளையில எலி ஜாஸ்தி."

அடுத்தவர் அகராதி சார். எதைக் கேட்டாலும் பதில் கேள்வி கேட்பவர். "விலங்குன்னு சொன்னா பூச்சி அதுல அடங்குமா அடங்காதா? மொதல்ல அதைத் தெளிவுபடுத்துங்க."

"எந்தப் பூச்சி சார் நீங்க?"

"நான் சொல்லல. பொதுவா கேட்டேன்."

பொறுப்பக்காவின் முறை வந்தது. "ஆமை," என்றாள்.

"ஏன், மெதுவாப் போகும்னா?"

"அதோட வீட்டை யாரும் மாத்த முடியாதுல்ல சார்."

பயிற்சியாளர் அவளை ஒரு கணம் பார்த்தார். நோட்டில் எழுதினார். நிறைய எழுதினார்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அடுத்தது குரல் பயிற்சி. "நான்தான் தலைவன்!" என்று கட்டடம் அதிரக் கத்த வேண்டுமாம். பன்னிரண்டு பேரும் கத்தினார்கள். பக்கத்து நாற்காலிக்குக்கூடக் கேட்கவில்லை. "இப்படியா கத்துறது? என்னைப் பாருங்க!" என்று அவர் மூச்சை இழுத்துப் பிடித்து, "நான்தான்..." என்று முழங்கினார்.

"ஸ்ஸ்ஸ்!"

பொறுப்பக்காவின் வாய்தான். அவளைக் கேட்காமலே அதட்டிவிட்டது. விரல்கூட உதட்டின்மேல் நின்றது. அவர் பாதி வாக்கியத்தில் வாயை மூடிக்கொண்டார், காது சிவந்தது. பிறகு நோட்டைத் திறந்து எழுதினார். பேனா தாளைக் கிழிக்கிற சத்தம் அவளுக்கு இரண்டாவது வரிசையில் கேட்டது.

போச்சு, என்று நினைத்துக்கொண்டாள். நிலவறைதான்.

ஒரு மணிக்குச் சாப்பாட்டுப் பொட்டலங்கள் வந்தன. "சும்மா சாப்பிடக் கூடாது. கலந்து பழகணும், சிரிச்சுப் பேசணும். இதுக்கும் மார்க் உண்டு. மூணு மணிக்குப் பட்டியல் இயக்குநர் மேடம் கைக்குப் போயிடும்," என்று எச்சரித்துவிட்டு, கையில் இருந்த நீல நோட்டைப் பக்கத்து மேசையில் இருந்த புதுப் புத்தக அடுக்கின்மேல் வைத்துவிட்டு, போனோடு வெளி வராந்தாவுக்குப் போனார்.

கலந்து பழகுவது எப்படி என்று யாருக்கும் தெரியவில்லை. பன்னிரண்டு பேரும் பொட்டலத்தைப் பார்த்துச் சாப்பிட்டார்கள். பொறுப்பக்காவுக்கு நாலு வாய்க்குமேல் இறங்கவில்லை. கைக்கு ஒரு வேலை கொடுத்தால் மனசு அடங்கிவிடும் என்பது அவள் அனுபவம். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு மெல்ல அந்த மேசைப் பக்கம் போனாள். ஒரே ஒரு புத்தகம், என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். முதல் பக்கத்தில் ஒரு முத்திரை. பிறகு இருபத்தேழாம் பக்கத்தில் ஒன்று. ஒவ்வொரு நூலகத்துக்கும் அப்படி ஓர் இரகசியப் பக்கம் உண்டு. முதல் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு போகிற புத்தகத் திருடனுக்கு அது தெரியாது. அவளுடைய கிளைக்கு இருபத்தேழு.

டப். டப். மனசு அடங்கியது. இரண்டாவது புத்தகத்தை எடுத்தாள்.

நாலாவது புத்தகத்தின்போது அகராதி சார் வந்து நின்றார். "பகுப்பு எண் யார் போடுறது?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் பென்சிலை எடுத்தார். எந்தப் பொருள், எந்த அடுக்கு என்று அவர் கை எண் போட்டுக்கொண்டே போனது. ரப்பர்பேண்டு அக்கா புத்தகத்தின் முதுகில் எண் சீட்டு ஒட்டினாள். ஒருவர் தேதிச் சீட்டு, ஒருவர் இரவல் அட்டை செருகும் பை, ஒருவர் பசை துடைக்க. ஐந்து நிமிஷத்தில் பன்னிரண்டு பேரும் மேசையைச் சுற்றி வந்துவிட்டார்கள். யாரும் யாருக்கும் உத்தரவு போடவில்லை. ஒருவர் கை நீளும் முன்பே அடுத்தவர் புத்தகத்தைத் தள்ளினார். யாரும் எதையும் படிக்கவில்லை. படிக்க ஆரம்பித்தால் வேலை ஓடாது என்பது தொழிலின் முதல் பாடம். எல்லார் முகத்திலும் காலையிலிருந்து காணாத ஒரு நிம்மதி.

ஜன்னல் வழியே பயிற்சியாளரின் குரல் வந்தது. "என்னத்தச் சொல்ல! டீம் ஸ்பிரிட்னா கிலோ என்ன விலைன்னு கேக்குற கூட்டம்! ஒருத்தரோட ஒருத்தர் பேசவே மாட்டேங்குறாங்க!"

"பசை," என்றாள் ரப்பர்பேண்டு அக்கா.

"இந்தா," என்றது நாலு கை.

முக்கால் மணி நேரத்தில் மேசை காலி. புத்தகம் அடுக்குகிறவர் தள்ளுவண்டியோடு வந்து, எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனார். 'வண்டில ஏறினது வண்டில தங்காது' என்பது அந்த மனிதரின் கொள்கை.

இரண்டு மணிக்குப் பயிற்சியாளர் கைதட்டிக்கொண்டே வந்தார். "நண்பர்களே!" என்றார். கையை நீட்டினார். கை வெறும் மேசையில் பட்டது.

"என் நோட்டு எங்க?"

மேசை பளிச்சென்று இருந்தது.

"நீல அட்டை. இங்கதான் வெச்சேன். அதுலதான் எல்லாம் இருக்கு. நான் பேசுறது, உங்க மார்க், எல்லாம்!" என்றவர், "சரி, பரவால்ல. நண்பர்களே..." என்று ஆரம்பித்தார். அதற்குமேல் வரவில்லை. இருமினார்.

பன்னிரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பொறுப்பக்காவின் நெற்றியில் வியர்த்தது. பேசாமல் இருந்துவிடலாம். யார் கண்டது? ஆனால் அந்த இளைஞர் கீழே குனிந்து நாற்காலிக்கு அடியில் தேடுவதைப் பார்த்ததும் அவளால் முடியவில்லை. எழுந்து நின்றாள்.

"சார், அது... நாங்க அதைப் புத்தகமாக்கிட்டோம்னு நினைக்கிறேன்."

"என்னது?"

"முத்திரை போட்டு, எண் போட்டு... கீழ போயிருக்கும் சார். நான்தான் ஆரம்பிச்சேன்."

"கீழன்னா?"

"நாலு மாடி," என்றார் அகராதி சார். "எண்பதாயிரம் புத்தகம். கூட ஒண்ணு."

"நீங்கதானே சார் எண் போட்டீங்க? என்ன எண் போட்டீங்க?" என்று அவரைக் கேட்டாள் பொறுப்பக்கா.

"கை போட்டுச்சு. நான் கவனிக்கல. முதல் பக்கத்துல என்ன எழுதியிருந்தீங்க, அதைச் சொல்லுங்க. அதை வெச்சுதான் போட்டிருப்பேன்."

பயிற்சியாளர் தயங்கினார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "குரலை உயர்த்து. வயிற்றை உள்ளே இழு."

யாரும் சிரிக்கவில்லை. எல்லார் கண்ணிலும் தொழில் தீவிரம் வந்துவிட்டது.

"குரலுன்னா இசை. ரெண்டாவது மாடி."

"வயித்தை உள்ள இழுன்னா உடற்பயிற்சி. மூணாவது மாடி."

"அதெப்படி? வயிறுன்னு வந்துட்டா வைத்தியம்தான்."

"மேடைப் பேச்சுல ஏன் தேடக் கூடாது?"

"ஆசிரியர் பேரே இல்லாம இருந்தா நான் அதை..." என்று ஆரம்பித்த அகராதி சாரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பொறுப்பக்கா படியிறங்கினாள். "நீங்க இசைக்குப் போங்க சார். அக்கா, உடற்பயிற்சி உங்களுக்கு. நீங்க ரெண்டு பேரும் வைத்தியம். முதுகுச் சீட்டைப் பாக்காதீங்க, அட்டை நிறத்தைப் பாருங்க." சொல்லிவிட்டுத்தான், தான் உத்தரவு போட்டது அவளுக்கே உறைத்தது. ஆனால் எல்லாரும் ஏற்கெனவே போய்விட்டிருந்தார்கள்.

இசையில் இல்லை. வைத்தியத்தில் இல்லை. உடற்பயிற்சியில் ஒரு நீல அட்டை கிடைத்தது. அது முதுகுவலி பற்றியது. மணி இரண்டே முக்கால். அப்போது முதல் மாடிப் படிப்பறையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. ஒரு பெண் சிரிக்கிற சத்தம். அடக்கி அடக்கி, மூக்கு வழியாக, நாற்காலி குலுங்கச் சிரிக்கிற சத்தம்.

"நகைச்சுவை அடுக்கு," என்றார் அகராதி சார் நெற்றியில் அடித்துக்கொண்டு. "அட, ஆமா. அங்கதான் போட்டேன்."

சிரித்தவர் பல் டாக்டர். வாரம் ஒரு நாள் வந்து நகைச்சுவைப் புத்தகம் எடுத்துப் போகிறவர். மடியில் நீல நோட்டு. பயிற்சியாளர் பாய்ந்தார். "அது என்னுதுங்க!"

"முறைப்படி இரவல் வாங்கியிருக்கேன். தேதி போட்டிருக்கு பாருங்க. பதினாலு நாள்," என்றார் பல் டாக்டர். "என்னா அருமையான புத்தகம்! கேளுங்க: 'இங்கே நிறுத்து. சிரிப்பார்கள். சிரிக்காவிட்டால் இருமு.' வாயைத் திறந்து வெச்சுக்கிட்டுப் படுத்திருக்கிறவங்களுக்குச் சொல்ல இந்த மாதிரி ஒண்ணைத்தான் தேடிக்கிட்டிருந்தேன்."

பொறுப்பக்காவுக்குக் காலை இருமல்களின் காரணம் புரிந்தது. மிட்டாய் வீணாகிவிட்டதே என்று இருந்தது.

சத்தம் கேட்டு இயக்குநர் அம்மா வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டார். "இதுல என்ன இருக்கு? வாங்கி அவர்கிட்ட குடுங்க. எனக்கு மூணு மணிக்குப் பட்டியல் வேணும்."

எல்லாரும் பொறுப்பக்காவைப் பார்த்தார்கள். அந்தப் பட்டியலில்தான் அவளுடைய ஜன்னல் இருந்தது. நோட்டு கைக்கு வந்தால் ஏதோ ஒரு மார்க் இருக்கும். நல்ல மார்க்காகக்கூட இருக்கலாம். உலகத்தில் எதுவும் நடக்கும்.

"முடியாது மேடம்," என்றாள். வழக்கமான குரல்தான். "இரவல் குடுத்த புத்தகத்தை வாசகர் கையிலேருந்து பிடுங்கக் கூடாது. வேணும்னா சார் முன்பதிவுச் சீட்டு எழுதிக் குடுக்கலாம். ஆனா அதுக்கு அவர் உறுப்பினரா இருக்கணும்."

"நான் எழுதின நோட்டுக்கு நான் முன்பதிவா?" என்றார் பயிற்சியாளர்.

"நிறைய எழுத்தாளர்கள் அப்படித்தான் சார் செய்றாங்க."

"ஏம்மா பொறுப்பு, உனக்கே இது நல்லதில்லைன்னு தெரியுதா?" என்றார் இயக்குநர்.

"தெரியுது மேடம்."

பல் டாக்டருக்கு இரக்கம் வந்துவிட்டது. "மார்க் மட்டும்தானே வேணும்? ஒரு பக்கத்துல ஏதோ பட்டியல் பாத்தேனே, நானே படிச்சுச் சொல்றேன்," என்று புரட்டினார். "இந்தா இருக்கு. 'பூனை, ஏழு. பூச்சி, கேள்வி கேட்டே கொல்கிறார், ஐந்து.' அப்புறம்... 'ஆமை'... அடடா, இங்க முத்திரை விழுந்திருக்கு. ஒண்ணும் தெரியல."

இருபத்தேழாம் பக்கம். ஊதா மை ஆமைக்குப் பக்கத்தில் வட்டமாகப் படர்ந்து கிடந்தது.

"நீங்க என்ன மார்க் போட்டீங்க?" என்று பயிற்சியாளரைக் கேட்டார் இயக்குநர்.

"நோட்டு இல்லாம எனக்கு எதுவும் ஞாபகம் இருக்காது மேடம்," என்றார் அவர் பரிதாபமாக.

இயக்குநர் அந்த முத்திரையைக் குனிந்து பார்த்தார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "இது நம்ம முத்திரை இல்லையே. இது உன் கிளையோடதுல்ல?"

பொறுப்பக்காவின் கை கோட்டின் பதினோராவது பைக்குப் போனது. முத்திரை அங்கேதான் இருந்தது. கொஞ்சம் ஈரமாக.

"எத்தனை புத்தகத்துல போட்ட?"

"எல்லாத்துலயும் மேடம்."

"அய்யோ! நூத்தி நாப்பத்திரண்டு! நாளைக்குப் புதுவரவுக் கண்காட்சி! எல்லாம் உன் கிளைச் சொத்தாயிடுச்சா?" இயக்குநர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "சரி, பதறாத. நீக்கப் படிவம் எழுதி எல்லாத்தையும் உன் கிளையிலேருந்து நீக்கிக் குடு."

"என்னால முடியாது மேடம்."

"ஏன்?"

"பொறுப்புல இருக்கிறவங்க சேர்க்கலாம், நீக்கக் கூடாது. நிரந்தர நூலகர்தான் கையெழுத்துப் போடணும்." அவள் முத்திரையைப் பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளினாள். "எங்க கிளையில நிரந்தரம் யாரும் இல்ல மேடம். பதினோரு வருஷமா இல்ல."

அகராதி சார் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு தோளைக் குலுக்கினார், அது சிரிப்பு. பயிற்சியாளர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். பல் டாக்டர் பழக்க தோஷத்தில் உள்ளே எட்டிப் பார்த்தார்.

இயக்குநர் அம்மாவின் உதடு ஒரு பக்கமாகக் கோணியது. "பேனா இருக்கா?"

"எந்த மை மேடம்? மூணாவது பையில நீலம், ஆறாவதுல கறுப்பு."

அடைப்புக்குறி இல்லாத உத்தரவு மூன்று மணி ஐந்து நிமிஷத்துக்குக் கையெழுத்தானது. அதற்கப்புறம் நிரந்தர நூலகர் ஆறு மணிவரை உட்கார்ந்து நூற்று நாற்பத்திரண்டு படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். நூற்று நாற்பத்து மூன்றாவது படிவத்தில், 'வாசகர் திருப்பித் தந்த பின்' என்று எழுதித் தனியாக வைத்தாள்.

பதினாலாம் நாள் பல் டாக்டர் நோட்டைச் சொன்ன தேதியில் திருப்பித் தந்தார். அது முத்திரைப்படி கிளை நூலகத்துக்கு வந்து சேர்ந்தது. பயிற்சியாளர் கதவு திறக்கும் முன்பே வாசலில் நின்றிருந்தார். கையில் நிரப்பிய உறுப்பினர் படிவம். ஜாமீன் கையெழுத்து அகராதி சாருடையது. உள் அறையில் கரையான் மலை இருந்த இடம் காலியாக இருந்தது. அங்கே இரண்டு நாற்காலி போட்டிருந்தார்கள். அவரை அதில் ஒன்றில் உட்காரச் சொல்லிவிட்டு அவள் இருபத்தேழாம் பக்கத்தைத் திறந்து, பழைய முத்திரைக்கு மேலேயே 'நீக்கப்பட்டது' என்று இன்னொரு முத்திரை போட்டாள். ஆமை இன்னும் கொஞ்சம் உள்ளே போனது.

அவர் ஆவலாகப் புரட்டினார். பக்கத்துக்குப் பக்கம் பென்சிலால் டாக்டர் எழுதியிருந்தார். 'இதற்கு யாரும் சிரிக்கவில்லை.' 'இதற்கு ஒருவர் ஊசியோடு சிரித்தார், ஆபத்து.' 'இருமல்தான் நன்றாக எடுபடுகிறது.'

பொறுப்பக்காவின் முகம் மாறியது. நாலாவது பையிலிருந்து அழி ரப்பரை எடுத்தாள். "குடுங்க சார். புத்தகத்துல எழுதக் கூடாதுன்னு பலகையே மாட்டியிருக்கோம்."

"வேணாம் மேடம், அழிக்காதீங்க! இது எனக்கு வேணும்!" என்று அவர் நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தார்.

குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. ஜன்னலோரம் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஆள் நிமிர்ந்தார்.

"ஸ்ஸ்ஸ்," என்றாள் நிரந்தரம்.